பெட்டைக் குருவிகள் பாடிய வருஷம்

வெள்ளூரணியில் பெட்டைக் குருவிகள் பாடத் தொடங்கியது, பட்டாசு செய்யும் வெடி ஆபீசில் மருந்து வெடித்துச் செத்துப்போன பெண்களுக்கெல்லாம் ஒரே நாளில் பதினாறாம் நாள் காரியம் நடந்து முடிந்து, தெருவை அடைத்துப் போட்டிருந்த பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றி அனுப்பி, வெளியூர்ச் சொந்தங்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய், ஊர் முதன்முறையாகத் தன்னந்தனியாக விடப்பட்ட மறுநாள் காலையில்தான். முதலில் கேட்டவர் குருவையா. குருவிக் கூண்டுகள் அவர் வீட்டுக் கொட்டகையில்தான் இருந்தன. கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. சேவல் குருவி ஒன்றைக் கவனமில்லாமல் பெட்டைக் கூண்டில் விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்து, கையை உள்ளே விட்டு, பாடின குருவியைப் பொத்திப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

ஃபிஞ்ச் என்று கடைகளில் விற்கிற பிஞ்சுக் குருவியில் ஆணையும் பெண்ணையும் பிரிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சேவலுக்கு அலகு வற்றல் மிளகாய்ச் சிவப்பு, கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், தொண்டையில் கறுப்பு வரி, விலாவில் காவி நிறத்தில் வெள்ளைப் பொட்டு. பெட்டை வெறும் சாம்பல், அலகும் வெளிறிப்போன ஆரஞ்சு. கண்ணுக்குக் கீழே கண்ணீர் வழிந்து காய்ந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு, அது இரண்டுக்கும் பொது. இத்தனையும் பார்த்துச் சந்தேகம் தீராவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்தால் போதும். சேவல்தான் பாடும். பெட்டை கூப்பிடும், பதில் சொல்லும், பூனையைக் கண்டால் கத்தும், பாடாது. தீப்பெட்டி ஆபீசில் மூட்டை தூக்கி முதுகு விழுந்த நாளிலிருந்து குருவையாவுக்கு இதுதான் பிழைப்பு. அவர் ஜோடி என்று சொல்லிக் கொடுத்தால் அது ஜோடிதான் என்று கோவில்பட்டிக் கடை வரைக்கும் பேர் இருந்தது.

வெளிச்சத்தில் பார்த்தார். கன்னத்தில் வட்டம் இல்லை, விலாவில் பொட்டு இல்லை. பெட்டைதான். கைக்குள் இருந்தபடியே அது திரும்பப் பாடியது. பிஞ்சுக் குருவியின் கிறுக்குப் பாட்டு இல்லை அது, இழுத்து, நிறுத்தி, வளைத்து, வேலை செய்துகொண்டே யாரோ வாய்க்குள் முனகுவதுபோல ஒரு மெட்டு. கூண்டுக்குள் இன்னொன்று வேறு ஒரு மெட்டைத் தொடங்கியது. குருவையா பிடித்ததை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் தினை அள்ளப் போனார்.

அவர் அப்படித்தான் ஆகியிருந்தார். வெடித்த அன்று மத்தியானம், ஊரே செருப்பில்லாமல் கண்மாய்க் கரை வழியாக ஓடியபோது அவரும் ஓடினார், ஆனால் ஓடினது நினைவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் கட்டி வரிசையாக வைத்திருந்தவற்றில் ஒன்றைக் காட்டி, இது உங்கள் வீட்டம்மாதானா என்று கேட்டார்கள். கட்டு சின்னதாக இருந்தது. மெட்டி மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். எந்தக் குருவியையும் கையில் வாங்கின மாத்திரத்தில் இன்னதென்று சொல்லிவிடுகிற மனுஷன், இருபத்தைந்து வருஷம் கூட இருந்த மாரிக்கனியை அந்தக் கட்டில் தேடிப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டார். சுடுகாட்டில் கொள்ளியை எந்தக் கையில் பிடிக்கவேண்டும் என்று சொன்னார்கள், பிடித்தார். காரியம் முடிந்த அன்று ஆணி ஒன்று பாதத்தில் ஏறி, கொட்டகைத் தரையில் சிவப்பாகத் தடம் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் அது தன் கால் என்றே அவருக்குப் பட்டது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் செண்பகம், "எங்ககூட வந்துருங்கப்பா" என்று அழுதபோதும் சரி என்றார். அவள் பையைக் கட்டச் சொன்னபோது கட்டவில்லை. கடைசியில் அவள் தனியாகத்தான் பஸ் ஏறினாள்.

பெட்டைகள் பாடுகிற விஷயம் இரண்டு மூன்று நாளில் ஊருக்குத் தெரிந்தது. முதலில் வந்தவன் அடுத்த வீட்டு இருளப்பன். அவன் பெண்டாட்டி அழகுத்தாயும் மாரிக்கனியோடு அதே வேனில் வெடி ஆபீசுக்கு வேலைக்குப் போனவள்தான். கூண்டுக்கு முன்னால் குத்தவைத்துக் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "பொட்டக்கோழி கூவியா பொழுது விடியப்போகுதும்பாக. இங்க பொழுதும் விடியுது, பொட்டையும் பாடுது. என்ன மாமா செய்ய?"

"தினை வைக்கேன், தண்ணி வைக்கேன். வேற என்ன செய்ய" என்றார் குருவையா.

பிறகு ஊரே வந்தது. குழந்தைகள் வந்து பழகிப்போய் விளையாடப் போனார்கள். காளியம்மன் கோயில் பூசாரி திருநீறு கொண்டுவந்து, எந்தக் குருவிக்குப் போடுவது என்று தெரியாமல் கொட்டகை நிலையில் பூசிவிட்டுப் போனார். கால்நடை டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒன்றைப் பிடித்து அலகை விரித்துப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, பெட்டைதான், நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லி, வந்த தோஷத்துக்கு ஒரு சொட்டு மருந்து எழுதினார். விபத்தை விசாரிக்க வந்த அதிகாரி கூட ஒரு சாயங்காலம் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்று கேட்டார். கேட்டுவிட்டு, இதை எங்கேயும் எழுத முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். ஊராருக்குக் குருவிகள் பாடுவதில் ஆட்சேபம் இல்லை. பாடினதுக்கு அர்த்தம் கேட்கிற தெம்பும் யாருக்கும் இல்லை. ஆடு மாடு வளர்க்கிற ஊர், குட்டி போடும், கன்று சாகும், மழை பெய்யும், பெய்யாது, இப்போது பெட்டை பாடுகிறது.

அர்த்தம் ஜெயக்கொடியோடு வந்தது. வெடித்த ஷெட்டில் வேலை பார்த்தவர்களில் மிஞ்சினது அவள் ஒருத்திதான். இடது கையில் தோல் உரிந்து வெள்ளையாக வந்திருந்தது, இடது காது கேட்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. எல்லாரும் போக நீ மட்டும் எப்படித் தப்பினாய் என்று யாரும் கேட்கவில்லை, கேட்காத அந்தக் கேள்விக்குப் பயந்து உள்ளேயே இருந்தாள். பாடுகிற குருவிகளைப் பற்றிப் பேசிக்கொண்டு தெருவில் போனவர்களின் பேச்சு காதில் விழுந்துதான் ஒரு நாள் வெயில் சாய்ந்ததும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்தாள். இருளப்பனும் அப்போது அங்கே இருந்தான்.

நல்ல காதைக் கூண்டுப் பக்கம் திருப்பி நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பிறகு சாம்பல் நிறத்தில் எல்லாப் பெட்டையையும்போல இருந்த ஒரு பெட்டையைக் காட்டி, "இது அழகுத்தாய்" என்றாள்.

இருளப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

"திரி வைக்கும்போது இதைத்தான் இழுத்துக்கிட்டே இருப்பா. இதா, இப்ப ஒண்ணு கீழ எறங்குது பாரு. அப்படி எறக்கிட்டு எங்களைப் பாத்துச் சிரிப்பா."

"அவ பாடுவாளா?" என்றான் இருளப்பன்.

"எல்லாரும் பாடுவோம். ஷெட்டுக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது, ரேடியோ கூடாது, தீப்பொறி பறக்கிற எதுவும் கூடாது. வாய்க்குத்தான் தடையில்ல. ஆளுக்கு ஒரு மெட்டு வச்சிருப்போம்."

"வீட்டுல பாடுனதே இல்லையே."

ஜெயக்கொடி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "வீட்டுல யாரு பாடச் சொன்னா?" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, "மாமா, இதை நான் எடுத்துக்கிடட்டா?" என்று கேட்டான்.

"சரி" என்றார் குருவையா. பழைய கூண்டு ஒன்றை எடுத்துத் துடைத்து, குருவி கொத்தித் தின்கிற கணவாய் மீன் ஓடு ஒரு துண்டைக் கம்பியில் செருகி, அந்தப் பெட்டையை அதில் விட்டுக் கொடுத்தார். இருளப்பன் கூண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலை இரண்டு எட்டில் கடந்து தன் வீட்டுக்குள் போனான்.

அதற்குப் பிறகு ஜெயக்கொடி தினமும் வந்தாள். இது ராமலட்சுமி, இது சின்னப்பொண்ணு, இது மேலத்தெரு வனஜா, பாதியிலே இருமுது பாரு, அவதான். அவள் சொல்லச் சொல்ல ஆட்கள் வந்து வாங்கிப் போனார்கள். செத்தவர்களும் பாடின பெட்டைகளும் ஒரே எண்ணிக்கைதானா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வெள்ளூரணியில் வீட்டு வாசல்தோறும் கூண்டு தொங்கியது. காலையில் கோலம் போடுகிறவர்கள் அந்தந்த வீட்டுப் பெட்டை பாடி முடிக்கிற வரைக்கும் புள்ளி வைக்காமல் நின்றார்கள். ராமலட்சுமியின் பிறந்த வீட்டாரும் புகுந்த வீட்டாரும் எங்களுக்குத்தான் என்று மல்லுக்கு நின்று, ஊர்க் கூட்டம் போட்டு, அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை ஒரு வீடு, பௌர்ணமியிலிருந்து அமாவாசை வரை இன்னொரு வீடு என்று முடிவானது, அதன்படி அந்தக் குருவி தலையில் முக்காடு போட்ட மாதிரி மேலே ஒரு துணியோடு இரண்டு தெருவுக்கும் போய்வந்துகொண்டிருந்தது. வனஜாவின் புருஷன் வருஷம் திரும்பும் முன்பே மறுகல்யாணம் செய்துகொண்டான். வந்த பெண் நல்லவள், கூண்டைத் தானே கழுவினாள், தினையைத் தானே ஊறவைத்தாள், கொஞ்ச நாளில் பாத்திரம் தேய்க்கும்போது அதே மெட்டை, நடுவில் வருகிற இருமலோடு சேர்த்து, முணுமுணுக்க ஆரம்பித்தாள். அவன் அந்த நேரத்தில் எல்லாம் வெளியே போய் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றான்.

பெட்டைக் கூண்டு காலியாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் ஜெயக்கொடி கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஏதோ சொல்ல வருவாள், சொல்லாமல் போவாள். ஒரு நாள் சொன்னாள்.

"அண்ணே, மாரிக்கனி மதினி இதுல இல்ல."

"சரி" என்றார்.

"அவ பாடாத ஆளுன்னு நெனச்சுக்கிடாதீக. மதினி பாடுனா நாங்க எல்லாம் வாயை மூடிக்கிடுவோம். சூப்பர்வைசர் கூட வாசல்ல நிப்பாரு."

குருவையா ஊறின தினையைப் பிழிந்துகொண்டிருந்தார். தான் கேட்டதில்லை என்று சொல்லலாமா என்று நினைத்தார். காலையில் வேன் வருவதற்கு முன்னால் கூண்டுகளின் அடித்தகட்டை உருவிக் கழுவி வைத்துவிட்டுத்தான் அவள் கிளம்புவாள், அப்போது கூடக் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்வதால் என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்.

"காரியத்துக்கு முன்னால ஏதாவது குருவி வெளிய குடுத்தீகளா?" என்று ஜெயக்கொடி கேட்டாள்.

கொடுத்திருந்தார். கோவில்பட்டியில் குருவிக் கடை வைத்திருக்கிற ஞானதுரை துக்கம் கேட்க வந்த அன்று, அண்ணாச்சிக்கு இப்போது இதைப் பார்க்க முடியாது என்று அவனாகவே இரண்டு கூண்டு நிறைய எடுத்துப் போயிருந்தான். அதற்கும் அவர் சரி என்றுதான் சொல்லியிருந்தார்.

மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் ஜெயக்கொடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கேட்கிற காது அவர் பக்கம் இருக்கும்படி திரும்பிக்கொண்டாள். ஞானதுரை அவர்களைக் கண்டதும் ஸ்டூல் எடுத்துப் போட்டு டீ சொன்னான்.

"நானே வரணும்னு இருந்தேன் அண்ணாச்சி. நீங்க குடுத்த பீமேல் எல்லாம் பாடுது. வாங்கிட்டுப் போனவங்க, ரெண்டும் மேலு, ஏமாத்திட்டன்னு சண்டைக்கு வாராங்க. அப்புறம் பார்த்தா அதுவே முட்டையும் போட்டிருக்கு."

"பெட்டைதான்" என்றார் குருவையா.

"எனக்குத் தெரியுது. அவங்களுக்கு எப்படிச் சொல்ல? பாடுனா சேவல்னு நான்தானே போர்டு எழுதி வச்சிருக்கேன்."

கடையில் மிச்சமிருந்த பெட்டைகளை ஜெயக்கொடி ஒவ்வொன்றாகக் கேட்டாள். லவ் பேர்ட்ஸின் கூச்சலும் முயல் கூண்டின் நாற்றமும் வெளியே பஸ் ஹாரனுமாக இருந்த அந்த இடத்தில் அவள் கண்ணை மூடி நின்றாள். ஒன்றைக் கண்டுபிடித்தாள், அது கீழத்தெருவில் கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்த தனலட்சுமி. அதை ஞானதுரை ஒன்றும் வாங்காமல் ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுக் கொடுத்தான். மற்றவை வேறு இடத்திலிருந்து வந்தவை, பாடவில்லை. விற்றுப்போனவை எந்தெந்த ஊரில் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று அவனுக்குத் தெரியாது.

திரும்பும்போது பெட்டி ஜெயக்கொடியின் மடியில் இருந்தது. சாத்தூர் தாண்டினதும் அவள் சொன்னாள்:

"அன்னைக்குத் தண்ணி எடுக்கிற முறை மதினிக்கு."

குருவையா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"குடத்தை அவதான் எடுத்தா. எனக்கு முதுகு பிடிச்சிருந்துச்சு, கொஞ்சம் நடந்தா தேவலன்னு, குடு மதினி நான் போறேன்னு வாங்கிட்டுப் போனேன். பைப்படியில குடம் பாதி ரொம்பல."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். திட்டுவார் என்றோ, எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவார் என்றோ எதிர்பார்த்த மாதிரி இருந்தது. திட்டினால்கூட நன்றாக இருக்கும் என்று நினைத்த மாதிரியும் இருந்தது.

"சரி தாயி" என்றார் குருவையா.

"என்ன சரி?"

எது சரி என்று உள்ளே தேடிப் பார்த்தார். கோபம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, பல் பிடுங்கின இடத்தை நாக்கு தொடுவதுபோல வழுவழுவென்று இருந்தது. "முதுகு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஜெயக்கொடி பெட்டியின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டே, "வலிக்கத்தான் செய்யுது" என்றாள்.

ஊரில் இறங்கி, தனலட்சுமியை அவள் அம்மா கையில் கொடுத்துவிட்டு, அட்டைப்பெட்டிக்குப் பதில் ஒரு கூண்டு எடுத்துப் போவதற்காக இருவரும் கொட்டகைக்கு வந்தார்கள். வெளிச்சம் கொஞ்சம் பாக்கி இருந்தது. குருவையா கூண்டைத் தேடிக்கொண்டிருந்தபோது ஜெயக்கொடி வாசலிலேயே நின்றுவிட்டாள். கேட்கிற காது கொட்டகையின் தெற்குச் சுவர்ப் பக்கம் இருந்தது.

"அங்க என்ன இருக்கு?"

"அது சேவலுக."

"எல்லாம் சேவலா?"

"ஆமா. பாடுறதைப் பார்த்துத்தான் பிரிச்சு விட்டிருக்கேன்."

"பாடுறது மாரிக்கனி மதினி பாட்டால்ல இருக்கு" என்றாள் ஜெயக்கொடி. "சேவலுக்கு யாரு படிச்சுக் குடுத்தா?"

சேவல் கூண்டில் வெள்ளைக் குருவி ஒன்று இருந்தது. வெள்ளையில்தான் தொந்தரவு. கன்னத்து வட்டமும் கிடையாது, விலாப் பொட்டும் கிடையாது, கண்ணீர்க் கோடு கூடக் கிடையாது, உச்சி முதல் வால் வரை பஞ்சு. அலகை வைத்துத்தான் சொல்லவேண்டும், அதுவும் இளசாக இருந்தால் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் நின்று ஏமாற்றும். அந்த மாதிரிக் குருவிகளைத் தனியாக வைத்திருந்து, பாடும் வரைக்கும் காத்திருந்து, பாடினதைச் சேவல் கூண்டிலும் பாடாததைப் பெட்டைக் கூண்டிலும் விடுவதுதான் அவர் வழக்கம். பெட்டைகள் பாட ஆரம்பித்த அதே வாரத்தில் இந்த வெள்ளையும் பாடியிருக்கிறது. ஊரே கூடிப் பெட்டைகளின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்க, அவர் கை பழக்கத்தில் அதைப் பிடித்துச் சேவல் கூண்டில் விட்டிருக்கிறது. அத்தனை மாசமாக, தினை வைக்கும்போதும் தண்ணி மாற்றும்போதும், அந்த மெட்டு அவர் தோளுக்குப் பக்கத்திலேயே பாடிக்கொண்டிருந்திருக்கிறது. சேவல்தானே என்று அவர் காது கொடுக்கவில்லை.

வெள்ளையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தார். அலகைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சிவப்பு என்றால் சிவப்பு, இல்லை என்றால் இல்லை. பெருவிரலுக்குக் கீழே அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. கையில் வைத்துக்கொண்டே நின்றார், சேவலா பெட்டையா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"நெசமாத்தான் சொல்றியா?"

"எனக்கு ஒரு காதுதான் போயிருக்கு அண்ணே" என்றாள் ஜெயக்கொடி.

அன்று அந்தக் கூண்டு கொட்டகையை விட்டு வீட்டுக்குள் வந்தது. குருவையா அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரில் மாட்டினார், ஜன்னலில் வைத்தார், கடைசியில் அரிசி டிரம்மின் மேல் வைத்துவிட்டு எதிரே பாயில் உட்கார்ந்தார். அது பாடும்போது கேட்டார். ஏதாவது வரும் என்று காத்திருந்தார். இருளப்பன் தன் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அன்றாடம் நடந்ததைச் சொல்லிச் சிரிப்பதும் சில நாள் ஏசுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். குருவையாவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மெட்டு நன்றாக இருந்தது. யாரோ ஒரு பெண்ணின் மெட்டு. கேட்டுக்கொண்டே இருந்தார், நாட்கள் போயின. வெடி ஆபீஸ் வேறு பேரில் திறந்தது, வேன் மறுபடி தெருமுனையில் ஹாரன் அடித்தது, ஜெயக்கொடியும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அதில் ஏறினாள்.

ஏறுவதற்கு முந்தின நாள் அவள் திருப்பூருக்குப் போன் போட்டிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை செண்பகம் வந்தாள். செருப்பைக் கழற்றினவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் அரிசி டிரம்முக்கு முன்னால் போய் நின்றாள். குருவி அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. குடித்து முடித்து, அலகைக் கம்பியில் இரண்டு பக்கமும் தீட்டிவிட்டு, பாடியது.

செண்பகம் கேட்டாள். பை தோளிலிருந்து நழுவி முழங்கைக்கு வந்தது. மெட்டு மேலே ஏறி ஒரு இடத்தில் சட்டென்று நின்றது, மூச்சு வாங்குகிற நேரம் சும்மா இருந்தது, பிறகு விட்ட இடத்துக்கு அடுத்த இடத்தில் தொடங்கிப் போயிற்று. குருவையா அதைப் பல தடவை கேட்டிருந்தார். இளங்குருவி, இன்னும் படிந்து வரவில்லை என்று நினைத்திருந்தார்.

"அந்த எடத்துல என் பேரு வரும்" என்றாள் செண்பகம்.

"எந்த எடத்துல?"

"நிக்கிற எடத்துல. அம்மா என்னைத் தூங்கவைக்கும்போது இதைத்தான் பாடுவா. நிறுத்திட்டு, செண்பகம்னு கூப்பிடுவா. முழிச்சிருந்தா நான் ம்னு சொல்லுவேன். சொல்லலைன்னா தூங்கிட்டேன்னு அர்த்தம்."

"எங்க வச்சுப் பாடுனா?"

"இங்கதான். இதே எடத்துல. நான் எட்டாப்புப் படிக்கிற வரைக்கும்."

"நான் எங்க இருந்தேன்?"

"நீங்க கொட்டகையில இருப்பீங்கப்பா. எது பாடுது எது பாடலைன்னு கேட்டுக்கிட்டு இருப்பீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். குருவையா சுவரைப் பார்த்தார். கொட்டகைக்கும் இந்த அறைக்கும் நடுவே அந்த ஒரு சுவர்தான், செங்கல் கூட இல்லை, பச்சைமண் சுவர்.

அன்று செண்பகம் சமைத்தாள், வீட்டைக் கூட்டினாள், அவருடைய வேட்டிகளைத் துவைத்துப் போட்டாள். குருவி பாடும்போதெல்லாம் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு, அந்த இடம் வந்ததும் ம் என்றாள். மறுநாள் மத்தியானம் பஸ். புறப்படுகிற நேரத்தில் பழைய புடவை ஒன்றை எடுத்துக் கூண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே, எதைச் சொன்னாலும் சரி என்கிற அப்பாவிடம் கேட்கத் தேவையில்லை என்பதுபோலச் சொன்னாள்:

"இதை நான் கொண்டு போறேம்ப்பா. அங்க நல்லா வச்சுக்கிடுவேன். உங்களுக்கு இங்க வேற குருவி இருக்குல்ல."

"முடியாது" என்றார் குருவையா.

செண்பகத்தின் கை முடிச்சில் நின்றது. சொன்னது அவர்தானா என்று பார்ப்பதுபோல நிமிர்ந்தாள். அவருக்கே தன் குரல் புதிதாக இருந்தது. எழுந்து வந்து கூண்டின் மேல் கையை வைத்திருந்தார், எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை.

"அப்பா?"

"தர முடியாது. நான் இன்னும் சரியாக் கேக்கல. எனக்கு வேணும்."

செண்பகம் அழ ஆரம்பித்தாள். அம்மா செத்ததிலிருந்து அப்பா ஒரு பொருளை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லி அவள் கேட்கவில்லை. ஒவ்வொரு வாரமும் போனை வைத்த பிறகு, கூண்டில் தினை வைப்பதற்கு மட்டும் ஒரு ஆள் அந்த வீட்டில் உயிரோடு இருக்கிறார் என்று புருஷனிடம் சொல்லி அழுதிருக்கிறாள். இப்போது அழுதது வேறு அழுகை. குருவையாவுக்கு அது புரியவில்லை. மகளை அழவைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். இருந்தாலும் கூண்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தராட்டி போங்க" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எனக்கும் பஸ் வேண்டாம். நாளைக்குப் போறேன்."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். குருவி இரண்டு தடவை இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் தாவியது. அப்பாவும் மகளும் கூண்டுக்கு இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்துகொண்டு, அது பாடட்டும் என்று காத்திருந்தார்கள்.